பிள்ளைகளோடு ஒரு நாள் வெளியே: பருவத்துக்கு ஒரு பயணம், பயணத்துக்கு ஒரு பாடம்



ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பிய பின் உங்கள் குடும்பம் என்ன செய்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தகப்பன் கதிரையில் சாய்கிறார். தாய் அடுப்படிக்குள் போகிறார். மூத்தவருக்கு ரியூசன் வகுப்பு. இளையவர் கைத்தொலைபேசியோடு மூலையில். ஒரே கூரையின் கீழ் நால்வர். ஆனால் நால்வரும் நான்கு இடங்களில். கிழமையில் ஆறு நாளும் ஓடியது போதாதென்று ஏழாம் நாளும் இப்படியே கழிந்து விடுகிறது.

இதை நான் பிறர் வீட்டைப் பார்த்து எழுதவில்லை. 2010 ஆம் ஆண்டு என் மூத்த மகனுக்கு ஒன்பது வயது. பாதைகள் திறந்து, தீவுகளுக்குப் போய்வரலாம் என்றிருந்த காலம். “அப்பா, நெடுந்தீவுக்கு எப்ப போறது? குதிரை பாக்கவேணும்” என்று கேட்டான். “புலமைப்பரிசில் சோதனை முடியட்டும் தம்பி, பிறகு போவம்” என்றேன். அது முடிந்தது. பிறகு சாதாரண தரம் வந்தது. பிறகு உயர்தரம். ஒவ்வொரு முறையும் “பிறகு” என்ற சொல்லையே கொடுத்தேன். 2022 இல் அவன் வெளிநாடு போனான். போய்ச் சேர்ந்த முதற் கிழமை தொலைபேசியில் அவன் சொன்னது இது: “அப்பா, தம்பியையாவது ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ.” அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிள்ளைப் பருவம் சோதனை அட்டவணை பார்த்துக் காத்திருப்பதில்லை. ஆகவேதான் இந்தப் பாடம்.

தொடங்குமுன் நான்கு ஒழுங்குகள்

முதலாவது, பயணம் என்றால் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போவது என்று எண்ண வேண்டாம். அரை நாள் போதும். சைக்கிளில் போகக்கூடிய தூரம் போதும். மாதத்தில் ஒரு முறை போதும். ஆனால் அந்த நாளை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குறிக்காத நாளை ரியூசன் வகுப்பு விழுங்கிவிடும்.

இரண்டாவது, அந்த நாள் அம்மாவுக்கும் ஓய்வு நாளாக இருக்க வேண்டும். விடிய நான்கு மணிக்கு எழுந்து எட்டுப் பேருக்குச் சோறும் கறியும் சமைத்து, போன இடத்திலும் பரிமாறி, வந்து பாத்திரமும் கழுவுகிற தாய்க்கு அது எப்படி உல்லாசப் பயணமாகும்? பாணும் சம்பலும், அவித்த முட்டையும் வாழைப்பழமும் போதும். தேங்காய் துருவுவது அப்பாவின் வேலை. தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது பிள்ளைகளின் வேலை.

மூன்றாவது, கைத்தொலைபேசி ஒன்று மட்டும், அதுவும் பெரியவரின் பையில். அவசரத்துக்கு அது தேவை. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

நான்காவது, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கேள்வியைக் கொண்டு போங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளைகள் கண்டு பிடிக்கட்டும்.

நமது வடபகுதிக்கு வசந்தகாலம், இலையுதிர்காலம் என்பன இல்லை. காற்றும் மழையுமே நமக்குப் பருவம் சொல்கின்றன. வாடை ஒரு காலம், சோளகம் ஒரு காலம், இரண்டுக்கும் நடுவே கடல் ஓய்ந்திருக்கும் காலம், பிறகு மாரி. அந்த ஒழுங்கிலேயே போவோம்.

1. தை, மாசி: பட்டமும் பறவையும்

மாரி ஓய்ந்து நிலம் பச்சையாக இருக்கும் காலம் இது. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. வாடைக்காற்று ஒரே சீராக வீசும். பட்டத்துக்கு இதைவிட நல்ல காற்றில்லை. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் வருவதை அறிவீர்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆனால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கடையில் வாங்காமல் ஒரு பட்டத்தை வீட்டு முற்றத்தில் பிள்ளையோடு இருந்து கட்டுங்கள். மூங்கிலைச் சீவி இரு பக்கமும் நிறை ஒத்திருக்கிறதா என்று விரலில் வைத்துப் பார்ப்பதும், முச்சை கட்டும்போது எந்த இடத்தில் நூல் பொருந்தினால் பட்டம் குத்தாமல் எழும் என்று கண்டறிவதும் கரும்பலகையில் படிக்க முடியாத கணக்கு. விண் பூட்டி ஏற்றி, அது கூவும் போது ஏன் கூவுகிறது என்று கேளுங்கள். அதுவே ஒலி பற்றிய பாடம். மின்கம்பி ஓடும் இடத்திலும் றோட்டுக்கரையிலும் பட்டம் ஏற்ற விடாதீர்கள். கம்பியில் சிக்கிய பட்டத்தைத் தடியால் எடுக்க முனைவது உயிருக்கே ஆபத்து.

இதே காலத்தில்தான் வெளிநாட்டு விருந்தாளிகள் நமது கடனீரேரிகளில் தங்கியிருக்கிறார்கள். வட ஆசியாவில் குளிர் வந்து நீர் உறையத் தொடங்கியதும் ஊசிவால் வாத்து முதலிய பறவைகள் பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து நம்மிடம் வருகின்றன. பங்குனியோடு திரும்பிப் போய் விடுகின்றன. மன்னாருக்கு அருகில் உள்ள வங்காலைச் சரணாலயம் இதற்குப் பேர்போன இடம். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இந்தப் பகுதி, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின் யாழ்ப்பாணத்தவர் பூநகரி வழியாக மன்னாருக்குக் காலையிற் போய் மாலையில் திரும்பலாம். மன்னார்த் தீவுக்குள் நுழையும் தாம்போதியின் இரு பக்கமும் பறவை மேயும். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் தங்கள் ஊர்க் கடனீரேரிக் கரைக்கு விடியற்காலை போனாலும் போதும்.

பூநாரை கண்ணிற் பட்டால் பிள்ளைகளுக்குக் கேள்வி இதுதான்: “அது ஏன் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சாப்பிடுகிறது?” பூநாரையின் அலகு வடிதட்டுப் போன்றது. சேற்று நீரை உறிஞ்சி, சிறிய இறால்வகைகளையும் பாசியையும் உள்ளே வைத்துக்கொண்டு, நீரை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த உணவில் உள்ள நிறப்பொருளே இறகுக்குச் சிவப்பேற்றுகிறது. பறவை எழும்புவதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கைதட்டுவதும் கல்லெறிவதும் வேண்டாம். திரும்பிப் பறக்க அது சேர்த்து வைத்திருக்கும் பலத்தை நாம் வீணாக்குகிறோம். ‘பார்த்தும் தொடாமல் விடுவது’ என்பதைப் பிள்ளை முதன்முதல் கற்கும் இடம் இதுவாகட்டும்.

2. பங்குனி, சித்திரை, வைகாசித் தொடக்கம்: ஓய்ந்த கடல்

வாடை நின்று சோளகம் எழுமுன் கடல் சிறிது அடங்கியிருக்கும். சித்திரை விடுமுறையும் சேர்ந்து வரும். காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கும், நெடுந்தீவுக்கும் உகந்த காலம் இது.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் போய், குறிகட்டுவான் துறையில் படகேற வேண்டும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடற்பயணம். அங்கே பிள்ளைகள் பார்க்க வேண்டியவை பல. சீமெந்து ஒரு துளியும் இன்றிக் கடற்கல்லை அடுக்கியே கட்டிய வேலிகள். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்து, இன்று ஆளில்லா வெளியிலே கூட்டமாகத் திரியும் குதிரைகள். கடற்கல்லால் கட்டப்பட்டு இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் காலக் கோட்டை. உள்ளே ஆள் நுழைந்து நிற்கக்கூடிய வெறுங்கோறையான பெருக்கமரம். ஆபிரிக்காவில் தோன்றிய இந்த மரம் அராபிய வணிகரோடு இங்கு வந்தது என்பர். மன்னார் பள்ளிமுனையில் இதைவிடப் பருத்த ஒன்று நிற்கிறது. “இத்தனை தூரத்து மரம் இங்கே வரக் காரணம் என்ன?” என்று கேளுங்கள். கடல் நம்மை உலகத்திலிருந்து பிரிக்கவில்லை, உலகத்தோடு சேர்த்தது என்ற வரலாறு தானாக விளங்கும்.

இனிக் கவனிக்க வேண்டியவை. படகில் உயிர்காப்பு அங்கியை அணியுங்கள். பிள்ளைக்கு அணிவித்துவிட்டுத் தகப்பன் கையில் வைத்திருப்பது பாடமாகாது. 2021 கார்த்திகை 23 ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டதை நாம் மறக்கலாகாது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகானால் ஏறாமல் நில்லுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும். அடுத்த படகு வரும்.

கடலிற் குளிக்கும்போது பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று பார்ப்பதற்கென்றே இருக்க வேண்டும். “எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்” என்று பலர் சொல்லும் இடத்தில் உண்மையில் ஒருவரும் பார்ப்பதில்லை. இழுவை நீரில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். இதை மணலில் கோடு கீறிக் காட்டுங்கள்.

வெயில் கொடிது. முற்பகல் பத்து மணிக்குப் பின் நிழலுக்கு வந்து, மூன்று மணிக்குப் பின் மீண்டும் இறங்குங்கள். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது. வேண்டியதைக் கொண்டு போங்கள். வரும் வழியில் நுங்கு கண்டால் வாங்கிக் கொடுங்கள். கோம்பையில் இரண்டு வண்டிச் சில்லுச் செய்து கொடுக்கத் தெரிந்த தாத்தா ஒருவர் கூட இருந்தால் அந்தப் பயணம் இரட்டிப்புப் பயன்.

3. ஆடி, ஆவணி: காடும் குளமும் பனம்பழமும்

சோளகம் பலமாக வீசும் காலத்தில் தீவுப் பயணத்தைத் தள்ளி வையுங்கள். இப்போது உள்நாட்டுக்குத் திரும்புவோம்.

ஆடி 2, ஆவணி 15 ஆகிய மடுத் திருவிழாக்களுக்கு நம் குடும்பங்கள் காட்டிலே கூடாரமடித்துத் தங்குவது புதிதன்று. நம் பாட்டன்மார் மாட்டு வண்டியில் போனார்கள். இன்று பலர் காலையில் வாகனத்தில் போய்ப் பூசை கண்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். இயலுமானால் ஓர் இரவாவது தங்குங்கள். கல் மூன்று வைத்து அடுப்பு மூட்டுவதும், பக்கத்துக் கூடாரத்தாரோடு கறி மாற்றிக்கொள்வதும், மின்விளக்கு இல்லாத மூலையில் நின்று வான்வெள்ளிகளைப் பார்ப்பதும் பிள்ளையின் உள்ளத்தில் ஆயுளுக்கும் நிற்கும். புறப்படுமுன் நெருப்பை நீரூற்றி அணைத்து, குப்பையைக் கட்டி எடுத்துவாருங்கள். பொலித்தீன் பையைத் தின்று மாடும் மானும் சாகின்றன.

திரும்பும் வழியில் கட்டுக்கரைக் குளத்தைக் காட்டுங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் அமைக்கப்பட்டது என்று வரலாறு கூறும் பெருங்குளம் இது. அநுராதபுரப் பக்கமிருந்து வரும் அருவியாற்று நீரைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து வாய்க்காலால் கொண்டுவந்து இதை நிரப்புகிறார்கள். ஆவணியில் நீர் வற்றியிருக்கும். அணைக்கட்டில் நின்று, “மழை பெய்வது மூன்று மாதம். சோறு உண்பது பன்னிரண்டு மாதம். இடையில் உள்ள மாதங்களுக்கு யார் வழி செய்தார்கள்?” என்று கேளுங்கள். தட்டில் சோற்றை மிச்சம் விடும் பிள்ளைக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய விடை கிடைக்கும். குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 2009 இல் போர் முடிந்தும் வன்னியிலும் முகமாலைப் பகுதியிலும் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டது. மண்டையோட்டு அடையாளப் பலகையோ நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. காட்டிலோ பற்றையிலோ கிடக்கும் உலோகப் பொருளைத் தொடவோ உதைக்கவோ கூடாது. அசையாமல் நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டும். போரைக் காணாத இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. சொல்ல வேண்டியது நாமே.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். பயணத்துக்குக் காசில்லாத குடும்பம் ஒன்று இருந்தால், அதற்கே உரிய பயணம் இது. விடியற்காலை எழுந்து பிள்ளைகளோடு பனங்காணிக்குப் போய்ப் பழம் பொறுக்குங்கள். களியைப் பிழிந்து பணியாரம் சுடலாம். விதைகளை மண்ணுயர்த்திய பாத்தியில் அடுக்கிப் பரவி மூடிவிடுங்கள். அடுத்த தை மாதம் பாத்தியைக் கிண்டும்போது, தான் வைத்த விதையே கிழங்காகி வருவதைப் பிள்ளை காணும். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியலாகும், அவிக்காது காயவிட்டால் ஒடியலாகும். ஐந்தாறு விதையைக் கிண்டாமல் வேலியோரத்தில் விட்டுவிடுங்கள். பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் செல்லும். தான் வைத்த மரத்தைத் தன் பிள்ளைக்குக் காட்டலாம் என்று எண்ணி வைக்கும் பழக்கம் சிறுவயதிலேயே வரவேண்டும்.

4. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: மாரியும் கிணறும்

இது தூரப் பயணத்துக்குரிய காலமன்று. ஆனால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவும் வேண்டாம். முதல் மழை பெய்து மண் குளிர்ந்த மறுநாட் காலை, பட்டுத்துணி போன்ற சிவப்புத் தம்பளப்பூச்சிகள் வெளியே வரும். வேலியில் கார்த்திகைப் பூ பூக்கும். அதன் அழகைப் பார்க்கலாம். கிழங்கு கடும் நஞ்சு என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இரவில் எத்தனை வகைத் தவளைக் குரல் கேட்கிறது என்று விறாந்தையில் இருந்து எண்ணலாம்.

இந்தக் காலத்தின் பெரிய பாடம் நமது கிணறு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. கிடைக்கும் மழையின் பெரும் பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கனத்த உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியல் அறிஞர் கண்ட கணக்கு. மறுபுறமாகப் பார்த்தால், மேலே ஓர் அடி குறையும்போது கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவர இடமுண்டு. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி. ஒரு மழையற்ற ஞாயிறு மாலை அங்கே கூட்டிச் சென்று காட்டுங்கள்.

வீட்டிலே செய்யக்கூடியது ஒன்று. ஒரு கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, பெரியவர் ஒருவர் கிணற்றுக்குள் விடட்டும். பிள்ளைகள் கட்டுக்கு வெளியே நின்று முடிச்சை எண்ணட்டும். ஐப்பசி தொடக்கத்தில் ஒரு முறை, மார்கழி முடிவில் ஒரு முறை அளந்து கொப்பியில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களைக் கண்ட பிள்ளை குழாயைத் திறந்து விட்டுவிட்டு விளையாடப் போகாது.

வெள்ளத்தில் இறங்கி விளையாட விடாதீர்கள். 2024 மார்கழியில் யாழ் மாவட்டத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. காலில் காயமுள்ள பிள்ளை சேற்று நீரில் இறங்கவே கூடாது. வெள்ளத்தில் நின்றபின் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். நிரம்பிய கேணியும் கட்டில்லாக் கிணறும் இந்நாட்களில் மறைந்த குழிகள் என்பதை நினைவில் வையுங்கள்.

குடும்பமாக இருந்து பேசுவதற்கு

1. சென்ற ஓராண்டில் நாம் எல்லாரும் ஒன்றாக வெளியே போன நாட்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணுங்கள்.

2. பிள்ளை எந்த இடத்தைக் காண ஆசைப்படுகிறது? பெற்றோர் ஊகித்துச் சொல்லாமல் பிள்ளையைக் கேளுங்கள்.

3. நம் அயலில் தகப்பன் இல்லாத வீடு, அல்லது தகப்பன் கடல் கடந்து உழைக்கும் வீடு உண்டா? அடுத்த முறை அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் ஒதுக்கலாமா?

4. நாம் போய்வந்த இடத்தில் நாம் விட்டுவந்தது என்ன? குப்பையா, காலடித் தடம் மட்டுமா?

மூத்தவன் தொலைபேசியில் சொன்ன பின், அடுத்து வந்த சித்திரையில் இளையவனை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போனேன். படகில் அவனுக்குச் சத்தி வந்தது. கொண்டு போன சம்பல் புளித்துப் போயிற்று. பெருக்கமரத்தின் கோறைக்குள் நின்று அவன் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தான். “அண்ணா, குதிரை கண்டிட்டன். நீங்கள் வந்தால் நான் வழி காட்டுவன்” என்றான். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான்.

ஒரு பிள்ளைக்குப் பிந்திவிட்டது. மற்றதற்குப் பிந்தவில்லை. பெற்றோரே, நாட்காட்டியை எடுங்கள். வரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றைச் சுற்றி வட்டமிடுங்கள். எங்கே போவது என்று இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளையே கேளுங்கள்.